ஒன்று, ஐந்து, ஒன்பது

படிவத்தில் ஆறு கட்டங்கள்.
தேதி, நேரம், இடம், பிள்ளையின் வயது,
கண்டது, கேட்டது.
நினைத்ததற்குக் கட்டம் கிடையாது.
நினைத்ததை எழுதிவிடாதீர்கள் என்று
பயிற்சியில் மூன்று தடவை சொல்லித்தான் அனுப்பினார்கள்.

செவ்வாய். காலை பத்தே கால்.
மார்சிலிங்கில், புளோக்கின் கீழ்த்தளத்தில்
எங்கள் பாலர் பள்ளி. கட்டை மூலை.
தேஜ்வின், நான்கு வயது இரண்டு மாதம்.
முட்டி போட்டு உட்கார்ந்து
மரக்கட்டைகளை அடுக்குகிறான்.
வைக்க வைக்க எண்ணுகிறான்.

ஒன்னு.
அஞ்சு.
ஒம்பது.

நான்காவதைக் கையில் எடுத்தவன்
கோபுரத்தின் மேல் வைக்கவில்லை,
பக்கத்தில் தரையில் வைத்தான்: எட்டு.
அதற்குப் பக்கத்தில் இன்னொன்று: ஏழு.
பிறகு இரண்டு கையையும் தட்டிக்கொண்டு
எழுந்து போய்விட்டான்,
அலுவலகம் முடிந்த ஆள் மாதிரி.

வியாழன், பழ நேரம். திராட்சை.
ஒன்னு, அஞ்சு, ஒம்பது, எட்டு, ஏழு.
ஆறாவது தட்டிலேயே கிடந்தது.
இன்னொன்னு இருக்கே என்றேன்.
"வந்தாச்சு டீச்சர்" என்றான்.
முடிஞ்சாச்சு என்பதைத்தான் அப்படிச் சொல்கிறான் என்று
மொழித் திறன் பக்கத்திலும்
ஒரு குறி போட்டேன்.

சீன ஆசிரியை பெய் ஷான்
பேப்பர் கப்பில் காப்பி ஆற்றியபடி சொன்னாள்,
ஆங்கிலத்திலும் அப்படித்தானாம்.
ஒன், ஃபைவ், நைன்.
மொழி மாறினாலும் தப்பு மாறவில்லை.
எழுதினேன், கறுப்பு மையில், என் கையெழுத்தில்:
எண் வரிசையில் குழப்பம்.
வீட்டில் பயிற்சி தேவை.
பதினோரு வருட அனுபவம்
இரண்டு வரியில் அடங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை இன்ஹேலரை மறந்துவிட்டுப் போனான்.
அவன் அம்மாவின் குரல் போனில் மூச்சிரைத்தது.
பரவாயில்லை, நான் கொண்டு வருகிறேன் என்றேன்.
கார்ப்பேட்டை தாண்டினால் அவர்கள் புளோக்.
மழை விட்டிருந்தது.

மின்தூக்கி பழையது.
கதவு மூடியபிறகுதான் பார்த்தேன்.
பித்தான்கள் மூன்றே மூன்று.
1.
5.
9.
நடுவில் எல்லாம் வெறும் தகரம்.

வீடு ஏழாவது மாடி.
ஒன்பதில் இறங்கினேன்.
எட்டில் யாரோ காயப்போட்ட குடை,
ஊதுபத்திக் கிண்ணம், ஒற்றைச் செருப்பு.
ஏழில் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு
அவன் நின்றிருந்தான்.

"நீங்களும் ஒம்பதுலதான் எறங்குனீங்களா?"
ஆமாம்.
"அஞ்சுலயும் எறங்கலாம். ஆனா ஏறணும்.
அம்மாவுக்கு முட்டி வலி.
ஒம்பதுன்னா எறங்குனா போதும்."

இன்ஹேலரைக் கொடுத்தேன்.
தண்ணீர் குடிக்கிறீர்களா என்று அவன் அம்மா கேட்டதற்கு
என்ன பதில் சொன்னேன், ஞாபகமில்லை.
திரும்பும்போது ஒன்பதுக்கு ஏறவில்லை,
ஐந்துக்கு இறங்கிப் போனேன்.
ஆறாவது மாடியில்
ஒரு நிமிடம் நின்றேன்.

திங்கள்.
படிவத்தில் வெள்ளை மை தடவக்கூடாது.
தப்பை ஒற்றைக் கோடு போட்டு அடித்து
ஓரத்தில் கையெழுத்திட வேண்டும், அது விதி.
அடித்தேன். கையெழுத்திட்டேன்.
என்ன காரணம் என்று மேலாளர் கேட்டார்.
லிஃப்ட் என்றேன்.
அவர் என்னை உற்றுப் பார்த்தார்,
அவருடைய படிவத்தில் அதற்கு எந்தக் கட்டமோ.

பழ நேரம். இன்றைக்கு லோங்கன்.
இர்டினா தோலை உரித்து உரித்து
ஜுன் வெய்யின் தட்டில் போட்டாள், அவன் கேட்காமலேயே.
தேஜ்வின் ஐந்தை வரிசையாக வைத்தான்.
ஏழுக்கு வந்ததும் நிறுத்தினான்.
நான் ஆறாவதை அவன் பக்கம் உருட்டிவிட்டு,
இது எந்த மாடி என்று கேட்டேன்.

அவன் சொன்னதை
கேட்டது என்ற கட்டத்தில் அப்படியே எழுதியிருக்கிறேன்,
ஒரு சொல்லும் திருத்தாமல்:

"ஆறுக்கு நான் போனதே இல்ல டீச்சர்.
அங்க என்ன இருக்கு?"